ஸ்பகெட்டி ஒட்டாத சரித்திரம்

பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இத்தாலியில் ஒரு கார்டினலின் மடைப்பள்ளிக்குத் தலைவராக இருந்து, பாகசாஸ்திரத்தில் தம் காலத்தவருள் முதல்வர் என்று பெயர் பெற்ற கோமோ மார்த்தீனோ என்பவர் எழுதிவைத்த கிரந்தத்தில், ஸிஸிலித் தீவின் மக்கரோனியைச் செய்யும் முறை ஒன்று காணப்படுகிறது. பிசைந்த மாவை மெல்லிய இரும்புக் கம்பியில் சுற்றி உருட்டிக் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளையுள்ள குழல்களை வெயிலில் உலர்த்திவைத்தால் இரண்டு மூன்று வருஷங்கள் கெடாமலிருக்கும் என்றும், ஆகஸ்டு மாத நிலாக்காலத்தில் செய்தது இன்னும் விசேஷம் என்றும் சொல்லிக்கொண்டு போகிற அவர், அதை வேகவைக்க வேண்டிய காலம் என்று குறித்திருப்பது இரண்டு மணி நேரம். இக்காலத்து இத்தாலியர் ஒருவர் அதைப் படித்தால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார். ஒன்பது அல்லது பத்து நிமிஷத்துக்கு மேல் ஸ்பகெட்டியை அடுப்பில் விட்டுவைப்பது அவருடைய தேசத்தில் ஏறக்குறைய ஒரு குற்றம். இரண்டு மணி நேரம் எவ்வாறு பத்து நிமிஷமாகச் சுருங்கிற்று, களியாகக் குழைந்து ஒன்றோடொன்று அப்பிக்கொண்டிருந்த பண்டம் எவ்வாறு இழை இழையாகப் பிரிந்து நிற்கக் கற்றது என்பதை விசாரிக்கப் புகுந்தால், அந்த விசாரணை நம்மைச் சமையலறையில் நிற்கவிடாமல், கோதுமை வயலுக்கும் துறைமுகத்துக்கும் காற்றடிக்கும் ஒரு மலையடிவாரத் தெருவுக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

ஒட்டுவதற்குக் காரணம் என்ன என்பதை முதலில் சுருக்கமாகத் தெரிந்துகொண்டு விடுவது நல்லது. கோதுமையில் மாச்சத்தும், தண்ணீர் பட்டவுடன் பின்னி இறுகிக்கொள்ளும் பசைப் புரதமும் கலந்திருக்கின்றன. உலர்ந்த இழையைக் கொதிநீரில் இட்டதும், அதன் மேற்பரப்பில் இருக்கும் மாச்சத்துத் துகள்கள் சுமார் 60 பாகை உஷ்ணத்துக்கு மேல் நீரைக் குடித்து உப்பி, வெடித்து, வெளியே கசிகின்றன. அந்தக் கசிவு கூழாக இருக்கும் முதல் ஒன்றிரண்டு நிமிஷங்களில் இரண்டு இழைகள் அசையாமல் அருகருகே கிடந்துவிட்டால், கூழ் இடையில் புகுந்து இறுகி, பின்னர் எவ்வளவு கிளறினாலும் பிரியாத கட்டாகிவிடும். புரதத்தின் பின்னல் உறுதியாக இருந்தால் மாச்சத்தைச் சிறைப்படுத்திவைத்துக் கசிவைக் குறைக்கும். தளர்ந்திருந்தால் எல்லாம் வெளியே வந்து தண்ணீரே கஞ்சியாகும். ஆகவே அடுப்பின் முன் நிற்பவருடைய சாமர்த்தியம் இதில் பாதிதான். மற்றப் பாதியை அவருக்கு முன்பே கோதுமையும் அச்சும் காற்றும் தீர்மானித்து விட்டிருக்கின்றன.

அந்தக் கோதுமை நம்முடைய ரொட்டிக்கு உரிய மெல்லிய ஜாதி அன்று. துரம் என்று வழங்கும் கடினமான, பொன்னிறமான ஜாதி. அரைத்தால் மாவாகாமல் ரவையாக உடைவது இதன் இயல்பு. மத்தியதரைக் கடலின் வெயில் மிகுந்த தென்கரைகளிலும் ஸிஸிலியிலும் தெற்கு இத்தாலியிலும் அது நன்றாக விளைந்தது. உலர்ந்த மக்கரோனியின் சரித்திரம் வடக்கே தொடங்காமல் தெற்கே தொடங்கியதன் மர்மம் அவ்வளவே. ஸிஸிலியை ஆண்ட நார்மானிய அரசனாகிய இரண்டாம் ரோஜரின் சபையில் இருந்த அராபிய பூகோள சாஸ்திரி அல் இத்ரீஸி, 1154ஆம் வருஷத்தில் முடித்த தம் பெருநூலில், பலேர்மோவுக்குக் கிழக்கே திராபியா என்னும் ஊரில் வற்றாத நீரோடைகளும் ஆலைகளும் இருந்தன என்றும், அங்கே இத்ரிய்யா என்ற உலர்ந்த மாவிழைகள் ஏராளமாகச் செய்யப்பட்டுக் கலாப்ரியாவுக்கும், முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயின என்றும் எழுதிவைத்தார். ஜெனோவாவில் 1279ஆம் வருஷத்தில் ஒரு போர்வீரனுடைய சொத்துக்களைக் கணக்கெடுத்த பத்திரத்தில் மக்கரோனி நிறைந்த பெட்டி ஒன்று இடம்பெற்றிருக்கிறது. பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் ஆஸ்தியில் சேர்த்து எண்ணத்தக்க பண்டமாக அது இருந்தது. மார்க்கோ போலோ சீனத்திலிருந்து திரும்பியது 1295ஆம் வருஷத்தில்தான். அவர்தாம் இந்த உணவை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்ற கதை 1929ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் மக்கரோனி உற்பத்தியாளர் சங்கத்துப் பத்திரிகை ஒன்றில் விளம்பர ரசத்தோடு வெளிவந்து, பிறகு பாடப்புத்தகங்கள் வரை பரவிற்று. வியாபாரிகள் எழுதும் சரித்திரம் எப்பொழுதுமே படிப்பதற்குச் சுவையாகத்தான் இருக்கும்.

நேப்பிள்ஸ் நகரம் இந்தக் கதையில் தாமதமாகத்தான் நுழைகிறது. பதினாறாம் நூற்றாண்டில் அந்நகரத்தாருக்கு அயலார் வைத்திருந்த பரிகாசப் பெயர் இலைதின்னிகள் என்பது. முட்டைக்கோஸும் கீரைகளும் கொஞ்சம் இறைச்சியும் சேர்த்துக் கொதிக்கவைத்த சாறுதான் அவர்களுடைய நித்திய ஆகாரம். மக்கரோனிதின்னிகள் என்ற பட்டம் அக்காலத்தில் ஸிஸிலியருக்கே உரியதாக இருந்தது. 1509ஆம் வருஷத்தில் நேப்பிள்ஸில் பிறப்பிக்கப்பட்ட ஆணை ஒன்று, யுத்தத்தினாலோ பஞ்சத்தினாலோ மாவின் விலை ஏறும் காலங்களில், நோயாளிகளுக்காக அல்லாமல், மக்கரோனியும் வெர்மிசெல்லியும் செய்யலாகாது என்று தடுக்கிறது. அப்படியானால் அன்றைக்கு அது பக்ஷணம் போன்ற ஆடம்பரமாக எண்ணப்பட்டதே அன்றி ஏழையின் சோறாக இருக்கவில்லை என்பது தெளிவு. அடுத்த நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. ஸ்பானிய ராஜப்பிரதிநிதிகளின் ஆட்சியில் நாட்டுப்புறத்து ஜனங்கள் வரிப்பளு தாங்காமல் நகரத்தில் வந்து நெருக்கியடித்துக்கொண்டு குடியேறினர். ஐரோப்பாவின் மிகப் பெரிய பட்டணங்களுள் ஒன்றாக அது வீங்கிற்று. இறைச்சி எட்டாத விலைக்குப் போயிற்று. அதே சமயத்தில் மாவைப் பிசையும் சாதனமும், பிசைந்த மாவைத் துளைத்தட்டின் வழியே நெருக்கித் தள்ளும் திருகு யந்திரமும் தொழிலாளரிடையே பரவியதால் மக்கரோனியின் அடக்க விலை இறங்கிற்று. எமிலியோ ஸெரேனி என்ற இத்தாலிய சரித்திராசிரியர் 1958ஆம் வருஷத்தில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த மாற்றத்தையே ஆராய்கிறது. இறைச்சியை இழந்தவன் வயிற்றைக் கோதுமையாலும் ஒரு சிட்டிகைப் பாலாடைக்கட்டியாலும் நிரப்பிக்கொண்டான் என்பதும், நேப்பிள்ஸின் பெருமை என்று இன்று நாம் கொண்டாடுவது வறுமையின் நிர்ப்பந்தத்தில் பிறந்தது என்பதும் அவர் காட்டும் முடிபு. எனக்கு அது சரியென்றே படுகிறது.

இனி அந்தத் தொழில் நடந்த இடத்தைப் பார்க்கலாம். வெஸுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் கடலையொட்டித் தோர்ரே அனுன்ஸியாத்தா என்ற துறைமுகமும், அதற்குத் தெற்கே லத்தாரி மலைகளின் மடியில் கிரன்யானோ என்ற சிற்றூரும் இருக்கின்றன. கிரன்யானோவுக்குப் பின்னால் ஆலைப் பள்ளத்தாக்கு என்றே பெயர் பெற்ற ஒரு பள்ளத்தாக்கில், மலையோடையின் நீரை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிச் சுழலும் ஆலைகள் இடைக்காலத்திலிருந்தே கோதுமையை அரைத்துவந்தன. தானியம் கடல்வழியே வந்தது. அரைக்க ஓடை இருந்தது. பிசைய மலைநீர் இருந்தது. உலர்த்துவதற்கு, பகலில் கடலிலிருந்து ஈரத்தோடு ஏறிவரும் காற்றும், மாறி மலையிலிருந்து வறண்டு இறங்கும் காற்றும் கிடைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஊரின் பிரதான வீதியை விரிவாக்கியபோது, காற்றும் வெயிலும் தடையின்றிப் பாயும்படி அதன் போக்கையும் வீடுகளின் அமைப்பையும் வகுத்தார்கள் என்பார்கள். கோயிலுக்காக வீதி அமைத்த ஊர்கள் உலகில் எத்தனையோ உண்டு. மாவிழைக்காக வீதி அமைத்த ஊரை வேறெங்கே தேடுவது? அந்த வீதியின் இருமருங்கிலும் மூங்கிற் கழிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் நீள நீளமான இழைகளை மடித்துத் தொங்கவிட்டிருக்கும் காட்சியைப் பழைய புகைப்படங்களில் இன்றும் காணலாம்.

பட்டறையின் வேலை அற்பமானதன்று. ரவையில் வெந்நீர் வார்த்துப் பிசைந்த மாவு துணியைப் போல இளகியிராது. கல்லைப் போலக் கனத்திருக்கும். ஆரம்பத்தில் காலால் மிதித்துப் பிசைந்தனர். பிறகு ஒருமுனை சுவரில் பொருத்தப்பட்ட நீண்ட மரத்தடியின் மறுமுனையில் ஆட்கள் வரிசையாக ஏறி உட்கார்ந்து, எழும்பி எழும்பி அமர்ந்து, தடியினால் மாவை நசுக்கினார்கள். அவ்வாறு பதப்பட்ட மாவைக் கனத்த உருளைக்குள் அடைத்து, அதன் அடியில் வெண்கலத் துளைத்தட்டைப் பொருத்தி, திருகின் கைப்பிடியைப் பல ஆட்களோ குதிரையோ சுற்றிவரும்படி செய்து அழுத்துவார்கள். நம் வீட்டுச் சேவை நாழியை ஓர் அறையளவுக்குப் பெருக்கிக்கொண்டால் அந்த யந்திரம் மனத்தில் வந்துவிடும். துளைகளிலிருந்து இழைகள் நனைந்து பளபளத்துக் கீழே இறங்கும் அந்தக் கணத்தில்தான் ஒட்டுதலோடு முதல் போராட்டம் நடந்தது. ஈரமான இழைகள் ஒன்றையொன்று தொட்டால் அப்பொழுதே இணைந்துவிடும் என்பதனால், அவை வெளிவரும்போதே பெரிய விசிறியால் விசிறி மேற்பரப்பை வறளச் செய்வது தொழிலின் நியமங்களுள் ஒன்று. பாரிஸ் நகரத்து வைத்தியரும் விஞ்ஞான சபையின் அங்கத்தினருமான மாலுவான் 1767ஆம் வருஷத்தில் மாவாலைக்காரர், வெர்மிசெல்லிக்காரர், ரொட்டிக்காரர் ஆகிய மூவர் தொழிலையும் விவரித்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார். வெர்மிசெல்லித் தொழிலை அவ்வளவு விரிவாக ஒரு விஞ்ஞானி எழுதத் தகுந்ததென்று கருதினார் என்பதே அதன் கௌரவத்துக்குச் சாக்ஷி. வெண்கலத் துளையின் ஓரம் இழையின் மேனியை நுண்ணியதாகக் கீறிச் சொரசொரப்பாக்குகிறது. பிற்காலத்தில் வந்த வழுவழுப்பான டெஃப்லான் துளைகளில் இறங்கும் இழை கண்ணாடியைப் போலப் பளபளக்கும். ஆனால் குழம்பு அதன் மேல் தங்காமல் வழிந்தோடும்.

உலர்த்துவதில்தான் உண்மையான வித்தை இருந்தது. அதை மூன்று கட்டங்களாக நடத்துவார்கள். முதலில் வெயிலிலும் காற்றிலும் சில மணி நேரம் வைத்து, இழையின் மேல் மெல்லிய ஓடு கட்டும்படி செய்வார்கள். அப்படியே விட்டுவிட்டால் மேலோடு இறுகி உள்ளே ஈரம் சிறைப்பட்டு, பின்பு அது வெளியேற முயலும்போது இழை வெடித்துவிடும். ஆகையால் இரண்டாவதாக, குளிர்ந்த ஈரமான நிலவறைகளுக்கு எடுத்துச் சென்று, உள்ளிருக்கும் ஈரம் மெல்ல மேற்பரப்புக்கு வந்து ஓட்டை மறுபடி இளக்கும் வரை காத்திருப்பார்கள். மூன்றாவதாக நிழலான, காற்றோட்டமுள்ள பெரிய அறைகளில் தொங்கவிட்டு நிதானமாக உலரவிடுவார்கள். கோடையில் ஒரு வாரத்துக்கு மேலும், மழைக்காலத்தில் மூன்று வாரம் வரையும் இது பிடிக்கும். எப்பொழுது உள்ளே எடுப்பது, எந்தச் சாளரத்தைத் திறப்பது, எதை மூடுவது என்பனவெல்லாம் ஒரே ஒருவருடைய தீர்ப்பு. வானத்தைப் பார்த்து, காற்றை மோந்து, இழையை விரலால் வளைத்துப் பார்த்து அவர் சொல்வதே சட்டம். பட்டறையின் சொந்தக்காரர்கூட அவரிடம் எதிர்த்துப் பேசமாட்டார். அவசரப்பட்டால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் இழை முழுவதும் ஓடும்; தாமதித்தால் மாவு புளித்துப் பூசணம் பிடிக்கும். வெடித்த இழை பார்வைக்குக் குற்றமற்றதாகத்தான் இருக்கும். கொதிநீரில் விழுந்த பின்னரே அதன் குணம் வெளிப்படும்: வெடிப்புகளின் வழியே மாச்சத்துக் கசிந்து, தண்ணீர் குழம்பி, இழைகள் கட்டுக்கட்டாக ஒட்டிக்கொள்ளும். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண்மணி தன் கைப்பக்குவத்தை நொந்துகொண்டிருக்க, பிழை மூன்று வாரங்களுக்கு முன் கிரன்யானோவின் ஒரு சாளரத்தில் நிகழ்ந்ததாக இருக்கலாம்.

இவ்வாறு உலர்ந்து கட்டிய பண்டம் நேப்பிள்ஸ் நகரத்தை அடைந்ததும், அதற்கென்றே தெருமுனைகளில் அடுப்பு வைத்துக் காத்திருந்த மக்கரோனிக்காரர் கைக்குப் போயிற்று. 1787ஆம் வருஷத்தில் அந்நகரத்தில் தங்கியிருந்த ஜெர்மானிய மகாகவி கதே, எல்லா வகை மக்கரோனியும் எங்கும் அற்ப விலைக்குக் கிடைக்கின்றன என்றும், பெரும்பாலும் வெறும் தண்ணீரில் வேகவைத்து, துருவிய பாலாடைக்கட்டியைத் தூவிவிடுகிறார்கள் என்றும், அந்தக் கட்டியே நெய்யாகவும் மசாலாவாகவும் இரட்டை வேலை செய்கிறது என்றும் எழுதினார். கவிஞர்கள் பொதுவாகச் சமையலில் நம்பத்தகுந்தவர்கள் அல்லர். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தில் ஒட்டாமைக்குரிய ரகசியத்தையே அவர் தொட்டுவிட்டார். வடித்தெடுத்த சூடான இழைகளின் மேல் கொழுப்புள்ள ஒன்று உடனே விழுந்து ஒவ்வோர் இழையையும் போர்த்திவிட்டால், அவை தமக்குள் ஒட்டிக்கொள்ள வழியில்லை. மேற்படி வருஷத்திலேயே அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் இருந்த ஜெபர்ஸன், மக்கரோனி பிழியும் யந்திரம் ஒன்றின் படத்தை வரைந்து வைத்துக்கொண்டு, பின்னர் தம் காரியதரிசியைக் கொண்டு நேப்பிள்ஸிலிருந்து ஒன்றை வாங்கச் செய்தார் என்றால், அந்தப் பண்டத்தின் கீர்த்தி எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று ஊகிக்கலாம்.

அந்தத் தெரு அடுப்புகளை மத்தில்தே ஸெராவோ என்ற அம்மையார் 1884ஆம் வருஷத்தில் நேப்பிள்ஸின் ஏழைகளைப் பற்றி எழுதிய நூலில் அழியாத சித்திரமாக்கியிருக்கிறார். இரண்டு செப்புக்காசு கையில் கிடைத்தவுடன் அந்நகரத்து ஏழை செய்யும் முதற் காரியம் வெந்து பதமான மக்கரோனியை ஒரு தட்டு வாங்குவது. ஏழைகள் வாழும் பகுதிகளின் வீதிதோறும் திறந்தவெளியில் அண்டாக்கள் ஓயாமல் கொதித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் தக்காளிக் குழம்பு கொதிக்கும் சட்டி. அருகே குரோத்தோனே பிரதேசத்திலிருந்து வரும் காரமான பாலாடைக்கட்டியின் துருவல் மலையாகக் குவிந்திருக்கும். இந்த வர்ணனையைச் சமையற்காரருடைய கண்ணோடு படித்தால் ஒன்று விளங்கும். மக்கரோனிக்காரருடைய அண்டா பெரிது. அதில் எந்த நேரமும் கொதி அடங்காத நீர் நிறைந்திருக்கும். அவர் ஒருசமயத்தில் இடுவது அதற்குக் கொஞ்சமான அளவு. வாடிக்கையாளர் கண்ணெதிரே காத்து நிற்பதால் வெந்தவுடனே எடுத்தாக வேண்டும். எடுத்ததும் துருவல் விழும். விழுந்ததும் அது வயிற்றுக்குள் போய்விடும். நிறைந்த நீர், தணியாத கொதி, குறைந்த வேக்காடு, உடனடிக் கலப்பு, தாமதமில்லாத போஜனம் என்று இன்றைய சமையற் புத்தகங்கள் கட்டளையிடும் அத்தனையையும், எந்த சாஸ்திரத்தையும் படிக்காத அந்த மனிதர் வியாபார அவசரத்தினாலேயே நிறைவேற்றி வந்தார்.

வாங்கியவன் அதை உண்ட விதமும் இதற்குத் துணையாயிற்று. முள்கரண்டி என்பது அவனுக்கு அந்நியம். விரல்களால் ஒரு பிடி இழையை எடுத்து, கையை உயரத் தூக்கி, தலையை அண்ணாந்து, வாய்க்குள் இறக்கிக்கொள்வான். நேப்பிள்ஸில் குடியேறிய ஜியோர்ஜியோ ஸோம்மர் என்ற ஜெர்மானியப் புகைப்படக்காரர் எடுத்த படங்களில் இந்தத் தோற்றத்தைக் காணலாம். அதை வேடிக்கை பார்ப்பதற்காகவே அயல்தேசத்துப் பிரயாணிகள் காசு கொடுத்துச் சாப்பிடச் சொல்லி நிற்பார்கள் என்பதும், காசு வாங்கினவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்தியே தின்று காட்டினார்கள் என்பதும் அக்காலத்து யாத்திரைக் குறிப்புகளால் தெரிகின்றன. பார்த்துச் சிரித்தவர்கள் கவனிக்கத் தவறிய விஷயம் ஒன்று உண்டு. குழைந்த மக்கரோனியை அப்படி உயரத் தூக்க முடியாது. அறுந்துவிடும் அல்லது கட்டியாக விழும். கையால் உண்பவனுக்கு இழை உறுதியாகவும் தனித்தனியாகவும் இருந்தே தீர வேண்டும். பல்லுக்குச் சற்றே தடைகொடுக்கும் இன்றைய பக்குவத்தை ராஜமாளிகைகளின் சமையற்காரர்கள் கண்டுபிடித்ததாக நான் நம்பவில்லை; தெருவில் நின்று தின்ற கூலிக்காரனுடைய விரல்களுக்கே அதில் பெரும்பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

எழுத்தில் அந்தப் பக்குவம் மெதுவாகத்தான் ஏறிற்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாரென்ஸ் நகரத்தில் மெடிசி பிரபுக்களின் சபையில் இருந்த ஜியோவானி தெல் துர்க்கோ என்ற சங்கீத வித்வான், சமையலிலும் ருசி உடையவர், வெந்த மக்கரோனியின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது விறைத்து உறுதிப்படும் என்று எழுதிவைத்தார். வேக்காட்டை நிறுத்தும் உபாயமாக அது நல்லதுதான். ஆனால் மேற்பரப்பின் மாச்சத்தெல்லாம் கழுவப்பட்டுவிடுவதால் குழம்பு ஒட்டாமல் போகிறது. வேண்டாத ஒட்டுதலைத் துரத்தப் போய் வேண்டிய ஒட்டுதலையும் துரத்திவிடும் வைத்தியம் அது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் நேப்பிள்ஸின் பிரபுவான இப்போலித்தோ காவல்காந்தி 1837ஆம் வருஷத்தில் ஒரு சமையல் நூல் வெளியிட்டு, 1839ஆம் வருஷத்துப் பதிப்பில் தம் ஊர்ப் பேச்சுமொழியிலேயே வீட்டுச் சமையலைப் பற்றிய பகுதி ஒன்றையும் சேர்த்தார். அதில் வெர்மிசெல்லியைத் தக்காளியோடு சமைக்கும் முறையும், இழையைக் காய்த்தன்மை மாறாதபோதே இறக்கிவிட வேண்டும் என்ற விதியும் இருக்கின்றன. பெல்லெக்ரீனோ அர்த்தூஸி 1891ஆம் வருஷத்தில் பிளாரென்ஸில் அச்சிட்ட, இத்தாலியக் குடும்பங்களில் வேதம் போலப் போற்றப்பட்ட புத்தகத்திலோ, மக்கரோனிப் பிரியரான நேப்பிள்ஸ்காரர்கள் அதை வாயகன்ற பாத்திரத்தில் நிறைய நீரில், மிகையாக வேகாதபடி சமைக்கச் சொல்கிறார்கள் என்ற செய்தி, வடக்கத்தியாருக்கு உபதேசம் போல இடம்பெறுகிறது. தெருவின் பழக்கம் நூலேறி நாட்டின் பழக்கமாயிற்று.

யந்திர யுகம் வந்தபின் பட்டறைகளின் கதை விரைந்து முடிகிறது. தோர்ரே அனுன்ஸியாத்தாவின் பட்டறைக்காரர்கள் மிக உயர்வாக மதித்தது அஸோவ் கடற்கரையில் தகான்ரோக் துறைமுகத்திலிருந்து வந்த ருஷ்யக் கோதுமையை. 1914ஆம் வருஷத்து யுத்தத்தில் தார்தனெல்ஸ் ஜலசந்தி அடைபட்டதும், பின்னே புரட்சி வந்ததும், அந்தக் கப்பல்கள் வருவது நின்றது. நஸாரேனோ ஸ்திராம்பெல்லி என்ற பயிர்நூல் வல்லுநர் வட ஆப்பிரிக்கக் கோதுமை ஒன்றிலிருந்து தேர்ந்து வளர்த்து 1915ஆம் வருஷத்தில் அளித்த ஸெனத்தோரே கப்பெல்லி என்ற துரம் இனம் இத்தாலியின் சொந்த விளைச்சலுக்கு ஒரு நல்ல ஆதாரமாயிற்று. 1933ஆம் வருஷத்தில் பார்மா நகரத்துப் பிராய்பாந்தி நிறுவனத்தார், பிசைதலும் அழுத்துதலும் இடையறாது ஒரே யந்திரத்தில் நடக்கும்படி ஒன்றைச் செய்தனர். செயற்கை உஷ்ணத்தால் உலர்த்தும் அறைகள் வந்தன. காற்றை மோந்து பார்க்கும் ஆளுக்கு வேலை போயிற்று. கடலோ மலையோ இல்லாத ஊரிலும் ஸ்பகெட்டி உலரலாயிற்று. இதற்கிடையே மாரினெத்தி என்ற புதுமைக் கவிஞர் 1930ஆம் வருஷத்தின் இறுதியில், மக்கரோனி இத்தாலியரை மந்தமாக்குகிறது, அதை ஒழித்துவிட வேண்டும் என்று பிரகடனம் விடுத்தார். நேப்பிள்ஸ் நகரத் தலைவர் கொடுத்த பதில், சுவர்க்கத்தில் தேவதூதர்கள் உண்பதும் தக்காளியிட்ட வெர்மிசெல்லியே என்பது. பிரகடனம் இன்று இலக்கிய சரித்திரத்தில் இருக்கிறது. வெர்மிசெல்லி அடுப்பில் இருக்கிறது. மலிவான மெல்லிய கோதுமை மாவைக் கலந்து ஜனங்களை ஏமாற்றும் வழக்கத்துக்கு மாத்திரம் 1967ஆம் வருஷத்தில்தான் ஒரு முடிவு வந்தது: இத்தாலியில் விற்கும் உலர்ந்த பாஸ்தா துரம் ரவையால் மட்டுமே ஆக வேண்டும், அதில் ஈரம் நூற்றுக்கு 12.5 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று சட்டம் செய்தார்கள். கிரன்யானோவின் பெயரைக் காக்கும் ஐரோப்பிய முத்திரை 2013ஆம் வருஷத்தில் கிடைத்தது.

இன்றைய இத்தாலிய வீட்டின் கணக்கு சுலபமானது: 100 கிராம் இழைக்கு ஒரு லிட்டர் நீர், 10 கிராம் உப்பு. நீர் நன்றாகக் கொதித்த பின்பே இழையை இட வேண்டும் என்பதும், இட்ட முதல் இரண்டு நிமிஷம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் எழுதாத சட்டங்கள். நிறைந்த நீர் எதற்கு என்றால், இழைகள் விலகி நீந்தவும், கசியும் மாச்சத்து நீர்த்துப் போகவும், குளிர்ந்த இழை விழுந்ததும் தணியும் கொதி விரைவில் மீளவும்தான். ஹெரால்ட் மக்கீ என்ற அமெரிக்கச் சமையல் விஞ்ஞான எழுத்தாளர் 2009ஆம் வருஷத்தில், இதில் பெரும்பங்கு நீர் வீண் என்றும், கைவிடாமல் கிளறினால் மிகக் குறைந்த நீரிலும் ஒட்டாமல் வேகும் என்றும் செய்து காட்டியபோது இத்தாலியப் பாட்டிமார் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் கிளறுவதே பிரதானம், நீரின் அளவு அதற்குப் பின்தான் என்று அவர் சொன்னதை யாரும் மறுத்துவிட முடியவில்லை. பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் நிமிஷக் கணக்குக்கு ஒன்றிரண்டு நிமிஷம் முன்பாகவே இறக்கி, கஞ்சி கலந்த நீரில் ஒரு கரண்டியை எடுத்துவைத்துக்கொண்டு, இழையைக் குழம்புச் சட்டியில் புரட்டி அந்த நீரைச் சேர்த்தால், இவ்வளவு நேரம் பகையாக நின்ற மாச்சத்தே எண்ணெயையும் தண்ணீரையும் பிணைத்து இழையின் மேல் பூசிவிடுகிறது.

கொதிக்கும் நீரில் கொஞ்சம் எண்ணெய் விட்டால் ஒட்டாது என்று கடல் கடந்த தேசங்களில் பரவியிருக்கும் நம்பிக்கையை மட்டும் நேப்பிள்ஸ் ஏற்கவில்லை. எண்ணெய் நீரின் மேலே மிதக்கிறது. இழைகள் அடியில் கிடந்து ஒட்டுகின்றன. இரண்டும் சந்திப்பது வடிக்கும்போதுதான், அப்பொழுதோ எண்ணெய் இழையின் மேல் படிந்து குழம்பைத் தள்ளிவிடுகிறது. ஆலிவ் எண்ணெயும் பூண்டும் மாத்திரம் கொண்டு ஸ்பகெட்டி செய்கிற அந்த நகரத்தில், அந்த எண்ணெய் முழுவதும் வேறொரு சட்டியில், வடித்த இழைக்காகக் காத்திருக்கும்.